கோடைக்கால ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டம்

பாய்மரப் படகோட்டம் கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் நீர் விளையாட்டுகளுள் ஒன்றாகும். பாயில் படும் காற்றின் விசையை மட்டுமே கொண்டு படகையோ பலகையையோ செலுத்தி, மிதவைகளால் குறிக்கப்பட்ட பாதையைச் சுற்றி வந்து முதலில் இறுதிக்கோட்டைக் கடப்பதே பந்தயம். துடுப்புப் படகோட்டம் இதிலிருந்து வேறுபட்ட தனி விளையாட்டு. 1900 பாரிசு ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடத்தப்பட்ட பாய்மரப் படகோட்டம், 1904 நீங்கலாக அதற்குப் பின் வந்த எல்லா ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றுள்ளது. 1996 வரை 'யாட்டிங்' என்றும், 2000 சிட்னி ஒலிம்பிக் முதல் 'செய்லிங்' என்றும் இது அலுவல்முறையாக அழைக்கப்படுகிறது. உலக அளவில் இதனை நிருவகிக்கும் அமைப்பு 1907-இல் தொடங்கப்பட்டது. 2015 முதல் அது 'வேர்ல்டு செய்லிங்' என்ற பெயரில் இயங்குகிறது.

தடகளத்தில் எல்லா வீரர்களுக்கும் ஒரே நீளமுள்ள தடம் கிடைக்கிறது. கடலில் அவ்வாறு இல்லை. நூறு மீட்டர் இடைவெளியில் செல்லும் இரண்டு படகுகளுக்கு வேறுபட்ட விசையும் திசையும் கொண்ட காற்று கிடைக்கலாம். திறமை குறைந்தவர் காற்று வாய்த்ததால் முந்துவதும், சிறந்தவர் காற்றின்றி நிற்பதும் நடக்கக்கூடியவை. ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்தின் விதிகள் பலவும், ஒரே மாதிரிப் படகுகள், பல பந்தயங்கள், புள்ளி முறை, ஈடு வழங்கும் நடுவர் குழு ஆகியவை உட்பட, இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் நோக்கில் உருவானவை.

வரலாறு

1896 ஏதென்சு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டம் திட்டமிடப்பட்டிருந்தும் நடைபெறவில்லை. 1900-இல் சேன் ஆற்றில் மியூலான் என்ற இடத்திலும், கடலில் லெ ஆவர் துறைமுகத்திலும் போட்டிகள் நடந்தன. படகுகள் அவற்றின் டன் அளவின்படி பிரிக்கப்பட்டன. பெரிய படகுகளும் அவற்றை இயக்கப் பல ஆட்களும் தேவைப்பட்டதால், தொடக்க கால ஒலிம்பிக் பந்தயங்கள் செல்வந்தர்களின் விளையாட்டாகவே இருந்தன. படகு வடிவமைப்பில் செலவிடப்பட்ட பணமும் வெற்றியைத் தீர்மானித்தது.

இந்நிலையை மாற்ற, எல்லாரும் ஒரே வடிவமைப்புள்ள படகில் போட்டியிடும் முறை மெல்ல இடம்பிடித்தது. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கிற்காக சுவீடனைச் சேர்ந்த ரிக்கார்ட் சார்பி வடிவமைத்த ஒருவர் படகான 'ஃபின்', 2020 தோக்கியோ ஒலிம்பிக் வரை தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தது. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் ஒருவர் படகுப் பிரிவில் தங்கம் வென்றார். இவற்றுள் முதலாவது 'ஃபயர்ஃபிளை' படகிலும் மற்ற மூன்றும் ஃபின் படகிலும் கிடைத்தவை. பிரித்தானியாவின் பென் ஐன்ஸ்லி 1996-இல் ஒரு வெள்ளியும், 2000 முதல் 2012 வரை நான்கு தங்கமும் பெற்று, இவ்விளையாட்டில் மிகுதியான வெற்றி கண்ட ஒலிம்பிக் வீரரானார்.

படகு வகைகள்

2024 பாரிசு ஒலிம்பிக்கில் பத்துப் பிரிவுகளில் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆண்களுக்கு நான்கு, பெண்களுக்கு நான்கு, கலப்பு அணிகளுக்கு இரண்டு எனப் பிரிவுகள் அமைந்தன.

ஐஎல்சிஏ 7 (ஆண்கள்), ஐஎல்சிஏ 6 (பெண்கள்): முன்பு 'லேசர்', 'லேசர் ரேடியல்' என அறியப்பட்ட ஒருவர் படகுகள். இரண்டுக்கும் உடற்பகுதி ஒன்றே. ஐஎல்சிஏ 6-இன் பாய் சிறியது. ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமும் ஒரே பாயும் கொண்ட எளிய அமைப்பு. ஒலிம்பிக்கில் இப்படகுகளை ஏற்பாட்டாளர்களே வழங்குகின்றனர். எனவே படகினால் யாருக்கும் கூடுதல் பயன் கிடைப்பதில்லை.

49இஆர் (ஆண்கள்), 49இஆர்எஃப்எக்ஸ் (பெண்கள்): இருவர் செலுத்தும் விரைவுப் படகுகள். வீரர்கள் இருவரும் கம்பியில் தொங்கியபடி படகுக்கு வெளியே சாய்ந்து அதனை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

470 (கலப்பு): 4.70 மீட்டர் நீளமுள்ள இருவர் படகு. 2020 வரை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நடந்த இப்பிரிவு, 2024-இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து ஓட்டும் கலப்புப் பிரிவாக மாற்றப்பட்டது.

நாக்ரா 17 (கலப்பு): இரட்டை உடற்பகுதி கொண்ட படகு. நீருக்கடியில் உள்ள இறக்கை போன்ற தகடுகள் வேகம் கூடும்போது படகை நீர்ப்பரப்புக்கு மேலே தூக்கிவிடுகின்றன.

ஐகியூஃபாயில் (ஆண்கள், பெண்கள்): நீரடித் தகட்டில் எழும்பிச் செல்லும் பாய்ப்பலகை.

ஃபார்முலா கைட் (ஆண்கள், பெண்கள்): பாய்க்குப் பதிலாகப் பெரிய பட்டத்தால் இழுக்கப்படும் பலகை. 2024-இல் அறிமுகமானது. ஆண்கள் பிரிவில் சிங்கப்பூரின் 17 வயது மேக்சிமிலியன் மேடர் வெண்கலம் வென்றார். சிங்கப்பூரின் தேசிய நாளான ஆகத்து 9 அன்று அப்பதக்கம் கிடைத்தது.

பந்தயப் பாதையும் தொடக்கமும்

பாய்மரப் படகு எதனாலும் காற்று வரும் திசைக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. பெரும்பாலான படகுகள் காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகவே முன்னேறும். ஆகவே எதிர்காற்றில் உள்ள மிதவையை அடைய, ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் திரும்பித் திரும்பி, ஏணிப்படி போல் ஏற வேண்டும். எந்த இடத்தில் திரும்புவது, பாதையின் எந்தப் பக்கத்தைத் தேர்வது என்பதே இவ்விளையாட்டின் மையமான முடிவு. காற்று சில பாகை திரும்பினாலும் ஒரு பக்கம் சென்றவர்கள் பல படகுகளை ஒரேயடியாக முந்திவிடலாம்.

பந்தயப் பாதை காற்றின் திசையையொட்டி அமைக்கப்படுகிறது. ஒரு மிதவை காற்று வரும் பக்கத்திலும், இணை மிதவைகள் காற்று போகும் பக்கத்திலும் இருக்கும். காற்று திரும்பினால் ஏற்பாட்டாளர்கள் மிதவைகளை நகர்த்துவர். போதிய காற்று இல்லாவிட்டால் பந்தயம் ஒத்திவைக்கப்படும். இடையில் காற்று நின்றுவிட்டால் பந்தயமே கைவிடப்படும்.

தொடக்கக் கோடு, நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையில் வரையப்படும் கற்பனைக் கோடு ஆகும். படகுகள் நின்ற நிலையிலிருந்து புறப்படுவதில்லை. கோட்டின் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம், நான்கு நிமிடம், ஒரு நிமிடம் முன்பாகக் கொடிகளாலும் ஒலியாலும் குறிப்புகள் தரப்படுகின்றன. குறி ஒலிக்கும் கணத்தில் முழு வேகத்தில் கோட்டைக் கடப்பவருக்கு நல்ல தொடக்கம் கிடைக்கும். முன்கூட்டியே கடந்தவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். கடுமையான கொடி விதி நடைமுறையில் இருக்கும்போது அப்பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார்.

வழி உரிமை

பல படகுகள் ஒரே மிதவையை நோக்கி வரும்போது யார் வழிவிட வேண்டும் என்பதை விதிகள் வரையறுக்கின்றன. அவற்றுள் முதன்மையானவை:

வலப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகு வழிவிட வேண்டும்.

இரு படகுகளும் ஒரே பக்கத்திலிருந்து காற்றைப் பெற்று இணையாகச் சென்றால், காற்று வரும் பக்கத்தில் உள்ள படகு மற்றதற்கு வழிவிட வேண்டும்.

பின்னால் வரும் படகு முன்னால் செல்லும் படகில் மோதாமல் விலகிச் செல்ல வேண்டும்.

விதியை மீறியவர் தாமாகவே படகைச் சுழற்றித் தண்டச் சுற்று எடுத்துக்கொண்டு பந்தயத்தைத் தொடரலாம். எடுக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர் முறையிடலாம். கரை திரும்பிய பின் நடுவர் குழு இருதரப்பையும் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். இதனால் கடலில் முதலிடம் பெற்றவர் மாலையில் அதனை இழப்பதும் உண்டு.

ஒரு படகின் பாய்க்குப் பின்னால் காற்று கலங்கி வலுவிழக்கும். அந்த நிழலில் அகப்பட்ட படகின் வேகம் குறையும். எதிராளியின் மேற்காற்றில் நின்று அவரைத் தடுத்துவைப்பது விதிகளுக்கு உட்பட்ட உத்தியே.

புள்ளி முறை

ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்தில் குறைந்த புள்ளி பெறுபவரே வெற்றியாளர். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 புள்ளி என இடத்துக்கேற்பப் புள்ளிகள் சேரும். பந்தயத்தை முடிக்காதவருக்கும் நீக்கப்பட்டவருக்கும், போட்டியிடும் படகுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலான புள்ளி வழங்கப்படும். பல நாள்களில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பந்தயங்கள் திட்டமிடப்படுகின்றன. அவற்றுள் ஒருவரின் மிக மோசமான ஒரு முடிவு கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஆறு பந்தயங்களில் ஒருவர் 1, 9, 2, 14, 1, 11 ஆகிய இடங்களைப் பெறுகிறார் எனக் கொள்வோம். 14-ஐக் கழித்தால் அவருக்கு 24 புள்ளிகள். மற்றொருவர் 4, 5, 3, 6, 4, 5 ஆகிய இடங்களைப் பெறுகிறார். 6-ஐக் கழித்தால் அவருக்கு 21 புள்ளிகள். ஒரு பந்தயத்திலும் முதலிடம் பெறாத இரண்டாமவரே முன்னிலை வகிப்பார். ஒரு நாள் வாய்த்த நல்ல காற்று பதக்கத்தை உறுதிசெய்யாது. ஒரு நாள் நேர்ந்த கெடுகாற்று அதைப் பறித்துவிடவும் முடியாது.

புள்ளிகளின் தொகுப்பே முடிவைத் தீர்மானிப்பதால், இறுதிப் பந்தயத்தில் வெல்வதைவிட ஒரு குறிப்பிட்ட எதிராளியைத் தோற்கடிப்பதே சில வேளைகளில் நோக்கமாகிவிடுகிறது. 2000 சிட்னியில் லேசர் பிரிவின் கடைசிப் பந்தயத்தில் பென் ஐன்ஸ்லி, பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட்டை முன்னேறவிடாமல் தடுத்துப் பின்வரிசையிலேயே வைத்திருந்தார். இருவரும் பின்தங்கியபோதிலும் புள்ளிக் கணக்கில் ஐன்ஸ்லிக்கே தங்கம் கிடைத்தது.

பதக்கப் பந்தயம்

நீண்ட தொடரில் சில வேளைகளில் கடைசி நாளுக்கு முன்பே தங்கம் உறுதியாகிவிடும். பார்வையாளர்களுக்கு இறுதிவரை ஆர்வம் குன்றாதிருக்க, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கப் பந்தயம் அறிமுகப்படுத்தப்பட்டது. தொடரில் முதல் பத்து இடங்களைப் பெற்ற படகுகள் மட்டுமே இதில் பங்கேற்கும். இதில் கிடைக்கும் புள்ளிகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். இதனைக் கழிக்கவும் இயலாது.

இரட்டைப் புள்ளி எவ்வளவு மாற்றத்தைக் கொணரும் என்பதற்கு 2016 இரியோ ஒலிம்பிக்கின் லேசர் பிரிவு சான்றாகும். பதக்கப் பந்தயத்துக்கு முன் குரோவாசியாவின் டோஞ்சி ஸ்டிபனோவிச், ஆத்திரேலியாவின் டாம் பர்ட்டனைவிட 10 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். பர்ட்டன் தொடக்கத்துக்கு முன்பே அவரை நெருக்கித் தண்டச் சுற்று எடுக்க வைத்தார். பந்தயத்தில் பர்ட்டன் மூன்றாவதாகவும் ஸ்டிபனோவிச் ஒன்பதாவதாகவும் வந்தனர். 6 புள்ளிகளும் 18 புள்ளிகளும் சேர்ந்தபோது, பர்ட்டன் 73-75 என்ற கணக்கில் தங்கம் வென்றார்.

2020 தோக்கியோ ஒலிம்பிக்கின் 49இஆர் பிரிவில் பிரித்தானியாவின் டிலன் ஃபிளெட்சர், ஸ்டூவர்ட் பித்தெல் இணையும், நியூசிலாந்தின் பீட்டர் பர்லிங், பிளேர் டியூக் இணையும் சமமான புள்ளிகளுடன் முடித்தன. பதக்கப் பந்தயத்தில் முந்திய இடத்தைப் பெற்றவர் என்ற விதியின்படி பிரித்தானிய இணை தங்கம் பெற்றது.

ஒரே பந்தயத்தில் தங்கம்: எழுந்த விவாதம்

2024-இல் ஐகியூஃபாயில் பிரிவுக்கு மேலும் வேறுபட்ட முறை பின்பற்றப்பட்டது. தொடரில் முதலிடம் பெற்றவர் நேராக இறுதிக்குச் செல்வார். மற்றவர்கள் காலிறுதி, அரையிறுதி வழியாக வர வேண்டும். இறுதியில் மூவர் மட்டுமே போட்டியிடுவர். முந்தைய புள்ளிகள் அங்கு கணக்கில் வாரா; அந்த ஒரு பந்தயத்தின் முடிவே பதக்கத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும்.

பெண்கள் பிரிவில் பிரித்தானியாவின் எம்மா வில்சன் தொடரை 31 புள்ளிகள் முன்னிலையுடன் முடித்தார். இறுதிப் பந்தயத்தில் அவர் மூன்றாவதாக வந்தார். இத்தாலியின் மார்த்தா மாஜெட்டி தங்கமும், இசுரேலின் ஷரோன் கான்டர் வெள்ளியும் வென்றனர். பழைய கூட்டுப்புள்ளி முறையில் தங்கம் பெற்றிருக்கக்கூடிய வில்சன் வெண்கலத்துடன் திரும்பினார். இம்முறை நியாயமற்றது என அவர் வெளிப்படையாகக் கூறினார்.

மற்ற விளையாட்டுகளிலும் இறுதியாட்டமே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதும், பார்வையாளருக்கு எளிதில் விளங்கும் முடிவு தேவை என்பதும் இம்முறையை ஆதரிப்போரின் வாதம். காற்றின் தற்செயலைப் பல பந்தயங்களில் பரப்பிச் சமன்செய்வதே இவ்விளையாட்டின் மரபு என்பதும், ஒரே பந்தயத்தில் எல்லாவற்றையும் வைப்பது அத்தற்செயலுக்கே முடிவை ஒப்படைப்பதாகும் என்பதும் எதிர்ப்போரின் வாதம்.

நடுவர் குழுவும் ஈடும்

தம் தவறு இன்றி ஒருவர் இடத்தை இழந்தால், நடுவர் குழு அவருக்கு ஈடாகப் புள்ளி வழங்கலாம். இவ்விதியின் மிகவும் அறியப்பட்ட பயன்பாடு 1988 சியோல் ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது. பூசானில் செப்டம்பர் 24 அன்று பலத்த காற்று வீசியது. ஃபின் பிரிவின் ஐந்தாம் பந்தயத்தில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாமிடத்தில் சென்றுகொண்டிருந்தார். அருகில் 470 பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர் படகு கவிழ்ந்து, அதன் வீரர்களான ஜோசப் சான், சியூ ஷா ஹெர் இருவரும் நீரில் தத்தளிப்பதைக் கண்டார். அவர் பந்தயப் பாதையை விட்டு விலகிச் சென்று இருவரையும் மீட்டு, மீட்புப் படகில் ஒப்படைத்த பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். நடுவர் குழு அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாமிடத்தை வழங்கியது. அவர் பதக்கம் வெல்லவில்லை. எனினும் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவருக்குப் பியேர் டி கூபெர்ட்டின் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. ஆபத்தில் உள்ளவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பது பாய்மரப் பந்தய விதிகளில் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது.

2008 ஒலிம்பிக்கின் 49இஆர் பிரிவில், பதக்கப் பந்தயத்துக்குச் சற்று முன் டென்மார்க்கின் ஜோனாஸ் வாரர், மார்ட்டின் கிர்க்கெட்டர்ப் இணையின் பாய்மரம் முறிந்தது. பதக்கப் பந்தயத்துக்குத் தகுதி பெறாத குரோவாசிய அணியினர் தம் படகைக் கொடுத்து உதவினர். டென்மார்க் இணை தாமதமாகத் தொடங்கி, ஏழாவதாக முடித்து, மொத்தப் புள்ளிகளில் தங்கம் வென்றது. படகு மாற்றத்தை எதிர்த்த முறையீடுகள் ஏற்கப்படவில்லை.

போட்டி நடைபெறும் இடங்கள்

கடலும் காற்றும் தேவை என்பதால், பாய்மரப் படகோட்டம் பெரும்பாலும் ஒலிம்பிக் நகருக்கு வெளியே நடைபெறுகிறது. 1936 பெர்லின், 1972 மியூனிக் ஒலிம்பிக் பந்தயங்கள் இரண்டும் கீல் நகரில் நடந்தன. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு தாலின், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு சிங்தாவ், 2024 பாரிசு ஒலிம்பிக்கிற்கு மார்சேய் ஆகியவை களங்களாயின. சப்பானின் எனோஷிமா 1964-இலும் 2020 ஒலிம்பிக்கிலும் களமாக இருந்தது. மார்சேயில் காற்று பலமுறை ஓய்ந்ததால் பந்தயங்கள் தள்ளிப்போயின. ஆண்கள் 49இஆர் பதக்கப் பந்தயம் ஒருநாள் தாமதமாக ஆகத்து 2 அன்று நடந்தது.

பெண்களின் பங்கேற்பு

1900-இல் சுவிட்சர்லாந்தின் எலென் டி பூர்தலே 'லெரினா' படகின் குழுவில் இடம்பெற்று வென்றதன் மூலம், ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்ற முதல் பெண் ஆனார். எனினும் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு 1988-இல்தான் 470 படகில் தொடங்கப்பட்டது. அதில் அமெரிக்காவின் அலிசன் ஜாலி, லின் ஜூவெல் இணை தங்கம் வென்றது. 2024-இல் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் பங்கேற்றனர்.

இந்தியா

இந்தியா 1972-இல் முதன்முதலாக ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்தில் பங்கேற்றது. இதுவரை பதக்கம் வென்றதில்லை. 2020 தோக்கியோ ஒலிம்பிக்கில் நான்கு இந்தியர்கள் மூன்று பிரிவுகளில் போட்டியிட்டனர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆவார். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில் அவர் இத்தகுதியைப் பெற்றார். தோக்கியோவில் லேசர் ரேடியல் பிரிவில் 35-ஆம் இடத்தையும், 2024-இல் ஐஎல்சிஏ 6 பிரிவில் 21-ஆம் இடத்தையும் பெற்றார். விஷ்ணு சரவணன் தோக்கியோவில் 20-ஆம் இடத்தையும் 2024-இல் 18-ஆம் இடத்தையும் பெற்றார். சென்னையின் கே. சி. கணபதி, வருண் தக்கர் இணை தோக்கியோவில் 49இஆர் பிரிவில் 17-ஆம் இடம் பெற்றது.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா பதக்கங்கள் வென்றுள்ளது. 2018 சகார்த்தா போட்டியில் 49இஆர்எஃப்எக்ஸ் பிரிவில் சென்னையின் வர்ஷா கௌதம், சுவேதா செர்வேகர் இணை வெள்ளியும், 49இஆர் பிரிவில் கணபதி, வருண் இணை வெண்கலமும் பெற்றன. 2023-இல் நடந்த காங்சோ போட்டியில் நேகா தாக்கூர் வெள்ளியும், விஷ்ணு சரவணன், எபாத் அலி ஆகியோர் வெண்கலமும் வென்றனர்.

படகையும் காற்றையும் சமன்செய்யும் விதிகள், பயிற்சி வாய்ப்பைச் சமன்செய்வதில்லை. உலகத் தரமான படகுகள் திரளாகக் கூடிப் பந்தயமிடும் இடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் உள்ளன. தொடக்கக் கோட்டில் நெருக்கியடிக்கும் நாற்பது படகுகளுக்கிடையே இடம்பிடிக்கும் திறன், அத்தகைய கூட்டத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டினால் மட்டுமே வசப்படும். நேத்ரா குமணன் எசுப்பானியாவின் கேனரி தீவுகளுக்குச் சென்று பயிற்சி பெற்றதற்கு இதுவே காரணமாகும்.